அழுத்தம் கடைமடையில்

பேச்சிப்பாறையில் ஏப்ரல் மாத மதியம் நிழலிலேயே வெப்பம் 31 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஏதாவது ஓர் அலுவலகச் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு உருளைக்குள் இருப்பது திரவமும் அல்ல, வாயுவும் அல்ல. விடியற்காலையில் அடியில் திரவம், மேலே வாயு, இரண்டுக்கும் நடுவே ஒரு மட்டம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். சூடு ஏறியதும் அந்த மட்டம் காணாமல் போய்விடும். 31.1 டிகிரி வெப்பம், 73.8 பார் அழுத்தம் ஆகிய இரண்டு எல்லைகளையும் தாண்டிய கார்பன் டை ஆக்சைடு, திரவம்போலப் பொருள்களைக் கரைக்கும். வாயுபோலச் சந்துபொந்தெல்லாம் நுழையும். பாடப்புத்தகத் தமிழில் மீமாறுநிலைப் பாய்மம். இந்த ரெண்டுங்கெட்டான் பொருளை வைத்துத்தான் எனக்கு இத்தனை காலம் சோறு.

நாகர்கோவிலில் வேதியியல் முதுகலை முடித்தபோது எங்கள் மலையோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிகள் மூன்று: வாத்தியார் வேலை, ரப்பர் தோட்டம், வளைகுடா. நான் நாலாவதாகக் கொச்சிப் பக்கம் போனேன். மிளகு, ஏலம், ஜாதிக்காய், கிராம்பு இவற்றிலிருந்து எண்ணெயும் சாறும் எடுக்கும் ஆலைகள் அங்கே உண்டு. 1972-இல் கோலஞ்சேரியில் தொடங்கிய சிந்தைட் இந்தத் தொழிலில் உலக அளவில் பெரிய பெயர். நான் சேர்ந்தது பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சிறு நிறுவனம். எக்சேன் ஊற்றி எடுத்த மிளகுச் சாற்றில் எக்சேன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதே முதல் வேலை. அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊற்றினால் மிச்சம் என்ற பேச்சே இல்லை, வால்வைத் திறந்தால் பறந்துவிடும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டேன். பிறகு ஹைதராபாத். ஒரு ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில், மருந்து மூலக்கூறுகளின் கண்ணாடிப் பிம்ப இணைகளைப் பிரிக்கும் பிரிவு. ஓய்வு பெறும்வரை அங்கேயே.

கண்ணாடிப் பிம்ப இணை என்றால், அணுக்கள் எல்லாம் ஒன்றே, அமைப்பு மட்டும் இடமும் வலமுமாக மாறியிருக்கும் இரண்டு மூலக்கூறுகள். ஒன்று மருந்தாக இருக்கலாம், மற்றது வெறும் சுமையாகவோ கேடாகவோ இருக்கலாம். 1992-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவற்றைத் தனித்தனியாக ஆராய வேண்டும் என்று கொள்கை வெளியிட்ட பிறகு, பிரித்துக் கொடுப்பதே ஒரு தொழிலாயிற்று. முதலில் எச்பிஎல்சி என்ற திரவப் பிரிகை முறையில் பிரித்தோம். பீப்பாய் பீப்பாயாக எக்சேனும் ஐசோபுரொப்பனாலும் வாங்கி, பிரித்த பிறகு அவற்றைக் காய்ச்சி விரட்ட இரவெல்லாம் ரோட்டாவேப்பர் சுற்றும். மீமாறுநிலைப் பாய்மத்தை ஓட்டிப் பிரிக்கும் எஸ்எஃப்சி வந்ததும், ஓடுவதில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. கருவியை விட்டு வெளியே வந்ததும் அது வாயுவாகிப் போய்விடும். கூடவே கலந்த கொஞ்சம் மெத்தனால் மட்டும் மிஞ்சும். வேகமும் அதிகம். நுண்துகள்கள் நிரப்பிய, 4.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரிகைக் குழாயில் எச்பிஎல்சி நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டும் இடத்தில் எஸ்எஃப்சி 3, 4 மில்லி ஓட்டும்.

ஏன் அந்த வேகம் முடிகிறது என்பதற்கு 1956-இல் ஃபான் டீம்டரும் அவருடைய கூட்டாளிகளும் ஹாலந்தில் எழுதிய சமன்பாடு போதும். பிரிகைக் குழாயில் மிக மெதுவாக ஓட்டினால் மூலக்கூறுகள் தானாகவே பரவி, அவை வெளிவருவதைக் காட்டும் மேடு, அதாவது பீக், அகன்றுவிடும். மிக வேகமாக ஓட்டினால் துகள்களின் நுண்துளைக்குள் போய்த் திரும்ப மூலக்கூறுக்கு நேரம் கிடைக்காது, அப்போதும் பீக் அகலும். நடுவே ஒரு நல்ல வேகம் உண்டு. மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடில் மூலக்கூறுகள் திரவத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதால் அந்த நல்ல வேகம் மேலே நகர்ந்துவிடுகிறது. பிசுபிசுப்போ தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அந்த வேகத்தில் தள்ளப் பெரிய அழுத்தமும் வேண்டாம். கருவி விற்க வருகிறவர்கள் சொல்வது இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கதை, ஓடும் பொருள் அழுத்தத்துக்குச் சுருங்காத திரவம் என்ற நினைப்பிலேயே சொல்லப்படுகிறது. தொழிலின் தலைவலி முழுக்க அந்த நினைப்பு உடையும் இடத்தில் இருக்கிறது.

திரையில் நிமிடத்துக்கு 4 மில்லி என்று இருக்கும். எங்கே 4 மில்லி? பம்ப் தலையை 5 டிகிரி அளவுக்குக் குளிரூட்டி வைப்போம், கார்பன் டை ஆக்சைடு முழுத் திரவமாக உள்ளே போகவேண்டும் என்பதற்காக. அங்கே அதன் அடர்த்தி மில்லிக்கு 0.9 கிராமுக்குச் சற்று மேல். அதே பொருள் 40 டிகிரியில் 150 பார் அழுத்தத்தில் இருக்கும் பிரிகைக் குழாய்க்குள் போனால் 0.78 கிராம். அதாவது பம்ப் 4 மில்லி தள்ளினால் குழாய்க்குள் ஓடுவது நாலரைக்கும் மேல். வெளியேறி அறைக் காற்றில் கலக்கும்போது அதுவே நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வாயு. போதாததற்கு, பம்ப்பின் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் முதலில் கார்பன் டை ஆக்சைடை அமுக்கிச் சுருக்கிய பிறகே முன்னே தள்ள ஆரம்பிக்கிறது. எவ்வளவு சுருங்கும் என்பதைக் கருவி கணக்கிட்டு ஈடுசெய்ய வேண்டும். அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குளிரூட்டி ஒரு டிகிரி தளர்ந்தாலும் மாறும். ஹைதராபாத்தின் மே மாதத்தில் குளிரூட்டியின் முனகலைக் கேட்டே இன்று பீக்குகள் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லிவிடும் ஆட்கள் எங்கள் பிரிவில் இருந்தார்கள்.

கனஅளவை நம்பாதே, எடையை நம்பு என்பதுதான் இதற்கு மருந்து. ஜார்ஜ் கியோஷோனும் அபிஜித் தராஃப்தாரும் 2011-இல் எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று எங்கள் பிரிவில் நகலெடுத்து நகலெடுத்துக் கறுத்துப்போயிருந்தது. மீமாறுநிலை ஓட்டத்தில் எந்த இடத்திலும் மாறாதது ஒன்றுதான்: ஒரு நிமிடத்தில் கடக்கும் நிறை. கனஅளவு இடத்துக்கு இடம் மாறும், வேகம் மாறும், அடர்த்தி மாறும். அதைப் படித்த பிறகு நிறை ஓட்டம் அளக்கும் மீட்டர் வாங்கித் தரும்படி நிர்வாகத்தை நச்சரித்தோம். வாங்கித் தந்தார்கள், தாமதமாக.

இனி அடர்த்தி. 40 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு 80 பாரில் மில்லிக்கு 0.28 கிராம். 90 பாரில் 0.49. 100 பாரில் 0.63. இருபது பார் ஏறுவதற்குள் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு சாந்தமாகிவிடும். 200 பாரில் 0.84, 300 பாரில் 0.91, அவ்வளவே. கரைக்கும் சக்தி அடர்த்தியோடு ஏறும். அடர்த்தி கூடினால் மூலக்கூறு ஓடும் பாய்மத்தோடு சேர்ந்து சீக்கிரம் வெளியே வந்துவிடும்; குறைந்தால் துகள்களில் ஒட்டிக்கொண்டு தாமதிக்கும். பிரிகைக் குழாயின் தலையிலிருந்து வால்வரை அழுத்தம் இறங்கிக்கொண்டே போவதால், ஒரே மூலக்கூறு ஒரே குழாயில் தலைப்பக்கம் ஒரு வேகத்திலும் வால்பக்கம் வேறு வேகத்திலும் நகர்கிறது. எச்பிஎல்சியில் ஓட்டத்தைக் கூட்டினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சீக்கிரமாகும். இங்கே ஓட்டத்தைக் கூட்டினால் அழுத்தமும் கூடி, அடர்த்தியும் கூடி, எல்லாம் கணக்குக்கு மேல் சீக்கிரமாகும். சில ஜோடிகள் வரிசையையே மாற்றிக்கொள்ளும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கையாண்டது எங்கள் ஊர்ப் பாசனச் சானல்தான். பேச்சிப்பாறை அணை, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் கோதையாற்றைத் தடுத்துக் கட்டியது; 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. மிஞ்சினின் கல்லறையும் அணைப்பக்கமே இருக்கிறது. எங்கள் சித்தப்பா அந்தப் பாசனத்தில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர். அணையில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பது நாலு ஊர் தாண்டி வயலில் நிற்பவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பார். "லேய் மக்கா, மேல எம்புட்டு வெள்ளம் விட்டாலும் கெடக்கட்டு. கீழ ஷட்டர எறக்கினாத்தான் இங்க பொக்கம் ஏறும், இந்த மடையில பாயும்." கிளைக்காலில் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் ஷட்டர். எஸ்எஃப்சியிலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் கடைசியில், டிடெக்டரையும் தாண்டி, ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பின்னழுத்தக் கட்டுப்படுத்தி, ஆய்வகப் பேச்சில் பிபிஆர். அது 120 பார் என்று பிடித்தால் முன்னால் இருப்பவை எல்லாம் 120-க்கு மேலேதான் நிற்க முடியும். எவ்வளவு மேலே என்பதை நடுவில் இருக்கும் தடைகள் முடிவுசெய்யும்.

அந்தத் தடைகளில் எல்லாரும் எண்ணிப் பார்ப்பது பிரிகைக் குழாயை மட்டுமே. இணைப்பு டியூப்பை யாரும் எண்ணுவதில்லை.

பெங்களூரில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு நாங்கள் ஒரு மெத்தட் உருவாக்கிக் கொடுத்திருந்தோம். அதே பிரிகைக் குழாய், அதே பாட்சு, 4 மில்லி, 40 டிகிரி, பின்னழுத்தம் 120 பார், கொஞ்சம் மெத்தனால். அங்கே ஓட்டினால் எல்லாப் பீக்குகளும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் முன்னதாக வந்தன. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவதாகத் தனியே நிற்கவேண்டிய மாசுப் பீக், இரண்டாவதின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் போனில் பேசிய பெண் சேலத்துக்காரர், பொறுமைசாலி. "சார், குழாய மாத்திப் பாத்துட்டேன், சிலிண்டர மாத்திட்டேன், மெத்தனால் புதுசு. ஒண்ணும் ஆகல சார்."

"ஒரு மில்லில ஓட்டிப் பாருங்கம்மா," என்றேன்.

மறுநாள் கூப்பிட்டார். ஒரு மில்லியில் இரண்டு ஆய்வகத்துப் படங்களும் ஒன்றின்மேல் ஒன்று வைத்ததுபோல ஒத்துப்போயின. இரண்டு மில்லியில் கொஞ்சம் விலகல். நாலில் மறுபடியும் அதே கலகம். பம்ப் தவறாக அளந்தால் எல்லா ஓட்டத்திலும் தவறாக அளக்க வேண்டும். பிரிகைக் குழாய் கெட்டிருந்தால் ஒரு மில்லியிலும் தெரிய வேண்டும். ஓட்டம் கூடும்போது மட்டும் முளைக்கிற தடை ஒன்று எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிகைக் குழாயைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் நேராக இணைத்து, பம்ப் காட்டும் அழுத்தத்திலிருந்து பின்னழுத்தத்தைக் கழித்துக் குறித்து அனுப்பச் சொன்னேன். வெறும் டியூப்பில், ஓட்டத்தை இரட்டித்தால் அழுத்த இறக்கமும் இரட்டிக்க வேண்டும். இரண்டிலிருந்து நாலுக்குப் போனபோது அது மூன்று மடங்குக்கும் மேலே ஏறியிருந்தது. தாளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. டியூப்புக்குள் ஓட்டம் கொந்தளிக்கிறது.

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு நடுவே ஒரு சாயக்கோட்டை இழுத்தார். மெதுவான ஓட்டத்தில் கோடு கோடாகவே போயிற்று. ஒரு வேகத்துக்கு மேல் கலைந்து குழாய் முழுக்க நிறம் பரவியது. அடர்த்தி, வேகம், குழாயின் விட்டம் மூன்றையும் பெருக்கி, பிசுபிசுப்பால் வகுத்தால் கிடைக்கும் எண் சுமார் 2300-ஐத் தாண்டும்போது இந்தக் கலைப்பு தொடங்கும். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின்மேல், 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடந்து போகும் பட்டணங்கால் தண்ணீருக்கு இந்த எண் இலட்சங்களில் இருக்கும். அங்கே கொந்தளிப்பு என்றால் யாருக்கும் வியப்பில்லை. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான துளைக்குள் கொந்தளிப்பு என்றால் எந்த வேதியியல்காரனும் நம்பமாட்டான். எச்பிஎல்சியில் வளர்ந்தவன் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை: 0.12 மில்லிமீட்டர் துளையில் நிமிடத்துக்கு 1 மில்லி தண்ணீர் ஓடினால் அந்த எண் 200-கூட வராது.

கார்பன் டை ஆக்சைடில் போட்டுப் பாருங்கள். அடர்த்தி தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு, பிசுபிசுப்பு பதிமூன்றில் ஒரு பங்கு, ஓட்டம் நாலு மடங்கு. அதே துளையில் எண் 8000. பெங்களூர் ஆய்வகத்தில் பிரிகைக் குழாய்க்குப் பின்னால், டிடெக்டர் வழியாக பிபிஆர் வரை ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு 0.12 மில்லிமீட்டர் டியூப் போட்டிருந்தார்கள். அடங்கிய ஓட்டத்துக்கான சூத்திரம் அந்த ஒரு மீட்டருக்கு 9 பார் இறக்கம் சொல்லும். கொந்தளிப்புக்கான சூத்திரம் 38 பார் அளவுக்குச் சொல்லும். எங்கள் கருவியில் இருந்தது 0.17 மில்லிமீட்டர் டியூப். அதிலும் கொந்தளிப்புதான், ஆனால் இறக்கம் ஏழெட்டுப் பார். இரண்டு இடத்திலும் பிபிஆர் 120 என்றே காட்டியது, பொய் சொல்லவில்லை. ஆனால் பிரிகைக் குழாயின் வாலில் எங்களிடம் 127, அவர்களிடம் 158. முப்பது பார் கூடுதல் அழுத்தம், கூடுதல் அடர்த்தி, சீக்கிரம் வரும் பீக்குகள். ஒரு மில்லியில் ஓட்டியபோது எண் 2000-ஐ ஒட்டியே நின்றதால் ஓட்டம் அடங்கியிருந்தது, இறக்கமும் இரண்டு மூன்று பாரோடு முடிந்தது. அதனால்தான் ஒத்துப்போயிற்று. மெத்தனால் கலந்தால் பிசுபிசுப்பு கொஞ்சம் ஏறி இந்த எண்கள் சற்று இறங்கும், கதை மாறாது.

பிரஸ்ஸல்ஸில் கெர்ட் டெஸ்மெட், கென் புரூக்ஹோவன் குழுவினர் 2014-இல் எஸ்எஃப்சி டியூப்களில் கொந்தளிப்பு வருவதை அளந்தே எழுதியிருந்தார்கள். 0.17 டியூப்புக்கு மாற்றச் சொல்லி அதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவருடைய மேலாளரிடமிருந்து ஆட்சேபம் வந்தது. அகலமான டியூப் போட்டால் பீக் அகன்றுவிடாதா? நியாயமான கேள்வி. அடங்கிய ஓட்டத்தில் நடுவே ஓடுவது முந்தும், சுவரை ஒட்டியது பிந்தும்; அதனால் பீக் இழுபடும். 1953-இல் ஜி. ஐ. டெய்லர் அதற்குக் கணக்கே போட்டுவிட்டார். எச்பிஎல்சிக்காரர்கள் மெல்லிய டியூப்பைச் சாமியாகக் கும்பிடுவது அதனால்தான். கொந்தளிப்பில் நடுவும் ஓரமும் ஓயாமல் கலந்துவிடுவதால் முந்தலும் பிந்தலும் குறைந்துபோகும். டியூப் கொஞ்சம் அகன்றால் எஸ்எஃப்சியில் நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. 0.17 போட்டார்கள். மாசுப் பீக் தோளிலிருந்து இறங்கித் தன் இடத்தில் போய் நின்றது. பீக்கின் அகலத்தில் சொல்லும்படியாக மாற்றம் இல்லை.

கொந்தளிப்பு என்றதும் பிரிகைக் குழாய்க்குள்ளும் அதே கதை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே துகள்களுக்கு இடையிலான சந்து ஒன்றிரண்டு மைக்ரான். அந்த அளவில் ரெனால்ட்ஸ் எண் ஒன்றைக்கூடத் தொடாது. ஓட்டம் சாதுவாகப் போகும். அங்கே பிரச்சினை வேறு, சூடு.

பாய்மம் குழாயில் போகப்போக அழுத்தம் இறங்கி விரிகிறது. விரிந்தால் குளிரும். மாறுநிலைக்குப் பக்கத்தில், அதாவது 100 பாரை ஒட்டி, 50, 60 டிகிரியில் ஓட்டினால் இந்தக் குளிர்ச்சி கையால் தொட்டுப் பார்க்கலாம்போல இருக்கும். குழாயின் சுவரை அடுப்பு விடாமல் சூடாக்குகிறது, நடுப்பகுதி குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த நடுவில் அடர்த்தி கூடுதல், சூடான ஓரத்தில் குறைவு. ஒரே மூலக்கூறு நடுவில் ஒரு வேகம், ஓரத்தில் ஒரு வேகம். பீக் முதலில் தடிக்கும், பிறகு இரண்டாகப் பிளக்கும். பிளந்த பீக்கைப் பார்த்தால் குழாய் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதுதான் வழக்கம். கண்ணாடிப் பிம்ப இணைகளைப் பிரிக்கும் கைரல் குழாய் ஒன்றின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தக் குப்பைத்தொட்டியின் மதிப்பு தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகத்தில் டொனால்ட் போ செய்து காட்டியது எதிர்மாறானது: அடுப்பு காட்டுவதற்குப் பதிலாகக் குழாயைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை போட்டுவிடு. சுவரிலிருந்து சூடு வராவிட்டால் நடுவுக்கும் ஓரத்துக்கும் வேறுபாடு இருக்காது. வால் முழுக்கச் சேர்ந்து குளிரும், அது பரவாயில்லை. எங்கள் ஆய்வகத்தில் ரெஃப்ரிஜிரேட்டர் குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்சு உறையை வாங்கி மாட்டினோம். பார்க்க அசிங்கமாக இருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று தர உறுதிப் பிரிவுக்காரர் புலம்பினார். பீக் சேர்ந்துகொண்டது. ஆனால் இதையே எப்போதும் செய்ய வேண்டியதில்லை. 150 பாருக்கு மேல் ஓட்டினால் பாய்மமே சாந்தமாக இருக்கும், உறையும் வேண்டாம். மாறுநிலைக்குப் பக்கத்தில் போய் ஓட்டுவது ஒருவகை வீம்பு. தேவை இருந்தால் போகலாம்.

பிபிஆரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நூற்றுச் சொச்சம் பாரிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு ஒரே குதியில் இறங்கும் இடம் அது. கார்பன் டை ஆக்சைடு அங்கே உறைந்து பனிக்கட்டியாகி நுனியை அடைக்கப் பார்க்கும். ஆகவே 60 டிகிரி அளவில் சூடாக்கி வைப்போம். கரைந்திருந்த பொருளும் அங்கேதான் பிரிந்து படியும். ஊசி நுனி தேய்ந்துவிட்டால் அழுத்தம் ஒன்றிரண்டு பார் ஊசலாடும். அந்த ஊசலாட்டம் டிடெக்டரின் அடிக்கோட்டில் சின்னச் சின்ன அலையாக வரும். விளக்கைக் குறை சொல்லி விளக்கை மாற்றுவார்கள். நான் முதலில் பிபிஆரின் சத்தத்தைக் கேட்பேன். நல்ல பிபிஆர் சீராகச் சீறும், தேய்ந்தது விக்கும்.

பெரிய அளவில் பிரிக்கும் கருவியில் இதெல்லாம் பத்து இருபது மடங்காகும். 30 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு நூறு கிராமுக்கு மேல் ஓட்டும்போது ஐம்பது லிட்டருக்கு மேல் வாயு ஒவ்வொரு நிமிடமும் வெளியேறுகிறது. புகைபோக்கி சரியில்லை என்றால் பீக்கைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்கமாட்டார்கள். அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு எச்சரிக்கை மணி வைக்காத இடத்தில் நான் கருவியைத் தொட்டதில்லை. சின்னக் குழாயில் கண்ட பிரிப்பைப் பெரிய குழாய்க்குக் கொண்டுபோகும்போது குழாயின் பரப்பைக் கணக்குப்போட்டு ஓட்டத்தைப் பெருக்கினால் மட்டும் போதாது. சின்னதில் குழாயின் நடுவே என்ன அடர்த்தி இருந்ததோ அதே அடர்த்தி பெரியதிலும் வரும்படி பிபிஆரை இறக்கியோ ஏற்றியோ வைக்க வேண்டும். தராஃப்தார் வரைந்த சம அடர்த்திக் கோட்டு வரைபடம் ஒன்றை லாமினேட் செய்து பெரிய கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தோம். எந்த அழுத்தத்துக்கு எந்த வெப்பநிலை என்று அதில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையன்கள் பொத்தானை அழுத்துவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு பேச்சிப்பாறைக்கே வந்துவிட்டேன். தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இங்கே இருப்பதால் கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை நாற்றுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். மாறாமலைப் பக்கத்துக் கிராம்புக்கு 2021-இல் கன்னியாகுமரிக் கிராம்பு என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவர், என் வேலை எண்ணெய் எடுப்பது என்று எப்படியோ முடிவுசெய்திருந்தார். "மருமவனே, ஆவில வாட்டி எடுக்கியத விட ஒன் கேஸ்ல எடுத்தா கூடுதல் வெல கிட்டுமா?"

ஆவியில் வாட்டும்போது கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினைல் அசிட்டேட்டில் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து சிதைந்து யூஜினாலாகிவிடும். கார்பன் டை ஆக்சைடில் 40 டிகிரியிலேயே எடுப்பதால் அது பிழைக்கும். மணமும் மொட்டின் மணமாகவே இருக்கும். இதைச் சொன்னேன். கொச்சியில் பழைய நண்பர் ஒருவரின் ஆலையில் சோதனைக் கலம் ஒன்று இருந்தது. இரண்டு சாக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

அங்கேயும் ஓட்டத்தின் கதைதான், வேறு வேடத்தில். கிராம்பை மாவாக அரைத்துப் போட்டால் பாய்மம் மாவுக்குள் பரவாமல் ஒரே இடத்தில் துளை போட்டு மேலே போய்விடும். சுற்றியுள்ள மாவு எண்ணெயோடு அப்படியே இருக்கும். கொரகொரப்பாக உடைத்தால் போதும். முதல் பகுதியில் எண்ணெய் துகளின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. பாய்மம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு கரைத்துக்கொண்டு வரும், ஓட்டத்தைக் கூட்டினால் எண்ணெயும் கூடும். கொஞ்ச நேரம் போனதும் மேற்பரப்பு காலியாகி, மிச்ச எண்ணெய் துகளுக்கு உள்ளேயிருந்து மெல்ல ஊறி வர வேண்டியிருக்கும். அப்போது ஓட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் வெறும் கார்பன் டை ஆக்சைடு சுற்றிச் சுற்றி வரும், மின்சாரக் கட்டணம் ஏறும், எண்ணெய் ஏறாது. ஆலைக்காரர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னேன். அழுத்தத்தையும் 300 வரை ஏற்ற வேண்டாம், 100 பாரை ஒட்டியே வையுங்கள் என்றேன். மேலே போனால் மெழுகும் பிசினும் சேர்ந்து வந்து எண்ணெயைக் கலங்கடிக்கும். வந்த எண்ணெயை ஜிசியில், அதாவது வாயுப் பிரிகைக் கருவியில், பார்த்தோம். கிராம்பெண்ணெய்க்கு எஸ்எஃப்சி அநாவசியம். ஆவியாகிறதற்கு ஜிசி போதும்.

எண்ணெய் நன்றாகவே இருந்தது. ஆலை கேட்ட கூலியைக் கேட்டதும் மாமா கணக்குப் போட ஆரம்பித்தார். முழு மொட்டாகவே காயவைத்து விற்றால் புவிசார் குறியீட்டுக்கு நல்ல விலை இருக்கும்போது, அதை உடைத்து எண்ணெயாக்குவானேன் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே பட்டது. மொட்டைக் கிள்ளியபின் மிஞ்சும் காம்பு மட்டும் வருஷாவருஷம் சும்மா போகிறது. அதிலும் யூஜினால் உண்டு, அளவு குறைவு. அடுத்த பறிப்பில் காம்பை மட்டும் தனியாகக் காயவைத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். காம்பு மொட்டைவிட நார் கூடியது. எவ்வளவு கொரகொரப்பாக உடைப்பது, ஓட்டத்தை எந்த இடத்தில் இறக்குவது என்பதை ஆலையில் போய் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். சாக்குக்குச் சாக்கு கூலி பேசாமல், ஓடிய கார்பன் டை ஆக்சைடின் எடைக்குக் கூலி பேசும்படி நண்பரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.